மருந்துத் துண்டோடு வரும் பூனையை வீட்டில் சேர்க்க ஒரு வழிகாட்டி

நாட்பட்ட நோயுள்ள பூனையை எடுத்து வளர்க்கலாமா என்று யோசிப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "எவ்வளவு காலம் உயிரோடு இருக்கும்?" என்றுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. உங்கள் வீட்டில் காலை ஏழு மணிக்கும் இரவு ஏழு மணிக்கும் யார் இருக்கிறார்கள்?

பூனைக்கு வந்த நோயை வைத்தியர் பார்த்துக்கொள்வார். குளிசையை வாயில் வைப்பதும், தண்ணீர்க் கிண்ணத்தை நிரப்புவதும், மணல் பேசினில் எத்தனை கட்டி என்று பார்ப்பதும் வீட்டு வேலை. அதைச் செய்ய ஒருவர் இருந்தால் சிறுநீரக நோயுள்ள பூனைகூட ஆண்டுக்கணக்கில் நன்றாக இருக்கும். ஆள் இல்லாவிட்டால் சாதாரண கண் நோய்கூட வீட்டாருக்குப் பாரமாகிவிடும். ஆகவே, பூனையைப் பார்க்கப் போவதற்கு முன் வீட்டாரோடு பேசி, பொறுப்பு யாருக்கு, அவர் இல்லாத நாளில் யாருக்கு என்று முடிவு செய்யுங்கள். ஒருவர் போதாது, இரண்டு பேர் வேண்டும். எங்கள் பக்கத்தில் கோயில் சடங்கு, கொழும்பில் கலியாணம், ஊரில் மரணவீடு என்று வீட்டைப் பூட்டிக்கொண்டு போகும் நாட்கள் ஆண்டில் எத்தனை வரும் என்பது உங்களுக்கே தெரியும்.

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இப்படியான பூனைகளைப் பெரும்பாலும் தனியாட்கள்தான் மீட்டு வைத்திருக்கிறார்கள். மீன் சந்தையடியிலும் பஸ் நிலையத்திலும் பள்ளிக்கூட வளவிலும் கிடந்ததைத் தூக்கிவந்து, வைத்தியம் பார்த்து, யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருக்கிறார்கள். கேட்டு வருபவர்கள் குட்டியைத்தான் கேட்கிறார்கள். நோயுள்ள வளர்ந்த பூனை மூலையிலேயே இருந்துவிடுகிறது. அதை எடுப்பது நல்ல காரியந்தான். ஆனால் இரக்கத்தை மட்டும் நம்பி எடுக்காதீர்கள். முதல் மாதம் முடியும்போது இரக்கம் களைத்துவிடும், அப்போது கைகொடுப்பது பழக்கந்தான்.

என்ன நோய், என்ன வேலை

சிறுநீரக நோய் வயதான பூனைகளில் மிகப் பரவலானது. சிறுநீரகம் சிறுநீரைச் செறிவாக்கும் திறனை இழப்பதால் பூனை நிறையத் தண்ணீர் குடிக்கும், நிறையச் சிறுநீர் கழிக்கும், மெல்ல மெல்ல மெலியும். இரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் என்னும் கழிவுப்பொருளின் அளவு உயரும்போது சிறுநீரகத்தின் பெரும்பகுதி ஏற்கெனவே செயலிழந்திருக்கும். அதனால் மீட்டவர் காட்டும் அறிக்கையில் நோய் எந்த நிலையில் இருக்கிறது என்று கேளுங்கள். வைத்தியர்கள் இதை 1 முதல் 4 வரை வகுக்கிறார்கள். முதல் இரண்டு நிலைகளில் உணவும் தண்ணீருமே பெரும்பாலான வைத்தியம். அடுத்த நிலைகளில் வாந்திக்கும் பசியின்மைக்கும் மருந்தும், சில பூனைகளுக்குத் தோலுக்கடியில் சேலைனும் தேவைப்படும்.

சேலைன் என்றதும் பயப்பட வேண்டாம். வைத்தியர் அளவு சொல்லி ஒருமுறை செய்து காட்டினால் வீட்டிலேயே ஏற்றலாம். பையை இளஞ்சூட்டு வெந்நீர்ப் பாத்திரத்தில் சிறிது நேரம் வைத்து உடற்சூட்டுக்குக் கொண்டுவர வேண்டும். குளிர்ந்த சேலைனைப் பூனை மன்னிக்காது. இரு தோள்களுக்கும் நடுவே தோலைக் கூடாரம்போல் தூக்கி, அதற்குள் ஊசியைச் செலுத்துவார்கள். ஏறிய நீர் ஒரு கட்டியாகத் திரண்டு, சில மணி நேரத்தில் முன்னங்காலை நோக்கி இறங்கிக் கரைந்துவிடும். அந்தக் கட்டியைப் பார்த்து வீட்டில் யாராவது அலறுவார்கள், முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ஒவ்வொரு முறையும் புதிய ஊசி.

இந்த நோயில் இரத்த அழுத்தமும் கூடும். நேற்றுவரை நன்றாக நடந்த பூனை திடீரென்று கதிரையில் முட்டினால், கண்மணி விரிந்தே கிடந்தால், அன்றைக்கே வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். தாமதித்தால் பார்வை திரும்பாது.

எஃப்.ஐ.வி. என்னும் நோயெதிர்ப்புக் குறைபாட்டு வைரஸ் உள்ள பூனையை எடுக்கப் பலர் தயங்குகிறார்கள். உண்மையில் பராமரிக்க இலகுவானவற்றில் இதுவும் ஒன்று. இது மனிதருக்குத் தொற்றாது. பூனைக்குப் பூனை பெரும்பாலும் ஆழமான கடிகாயத்தால்தான் பரவுகிறது. அதனால்தான் தெருவில் சண்டை போட்டுத் திரிந்த ஆண் பூனைகளில் அதிகம் காண்கிறோம். கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்து, வீட்டுக்குள்ளேயே வைத்து, பல்லையும் ஈறையும் கவனித்து வந்தால் ஆண்டுக்கணக்கில் வாழும். ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டிக்கு இந்தப் பரிசோதனையில் நோய் இருப்பதாக வந்தால் உடனே நம்பிவிடாதீர்கள். தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள்கூட அப்படிக் காட்டும். ஆறு மாதம் கழிந்தபின் திரும்பச் சோதிக்க வேண்டும். பூனை லுக்கீமியா வைரஸ் வேறு கதை. அது உமிழ்நீரில், ஒரே கிண்ணத்தில் உண்பதில், நக்குவதில்கூடப் பரவும். வீட்டில் ஏற்கெனவே பூனை இருந்தால் லுக்கீமியா உள்ளதை எடுக்காதீர்கள் என்பதே என் கருத்து.

சீனி வருத்தம் உள்ள பூனைக்கு 12 மணி நேரத்துக்கு ஒருமுறை இன்சுலின் போட வேண்டும். ஊசி சிறியது, பூனை பெரும்பாலும் கவனிக்கவே கவனிக்காது. "என்ன மனே, பூனைக்கும் சீனி வருத்தமோ?" என்று பக்கத்து வீட்டு மாமி சிரிப்பார், அவருடைய வீட்டில் இருக்கும் அதே வகை மருந்தாகக்கூட இருக்கலாம். ஆனால் அவருடைய சிரிஞ்சைக் கேட்டு வாங்காதீர்கள். இன்சுலினில் ஒரு மில்லிலீற்றருக்கு 40 அலகு, 100 அலகு என்று இரு செறிவுகள் உண்டு. சிரிஞ்சும் அதற்கேற்ப வேறு. 100 அலகு மருந்தை 40 அலகுச் சிரிஞ்சில் எடுத்தால் இரண்டரை மடங்கு மருந்து உள்ளே போய்விடும். முதலில் சாப்பாடு, பிறகு ஊசி. சாப்பிடவில்லையானால் ஊசி போடுமுன் வைத்தியரைக் கேளுங்கள். பூனை தள்ளாடினால், நடுங்கினால், இரத்தத்தில் சீனி மிகக் குறைந்திருக்கலாம்; ஈறில் தேனோ சீனிப்பாகோ தடவிவிட்டு வைத்தியரிடம் புறப்படுங்கள்.

ஆஸ்துமா உள்ள பூனையை எடுப்பதானால் நுளம்புச் சுருளையும் சாம்பிராணியையும் விட்டுவிடத் தயாரா என்று வீட்டாரைக் கேளுங்கள். வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியை விடமுடியாத வீட்டுக்கு வேறு பூனை பொருத்தம். வலிப்பு நோய்க்கான மருந்தை ஒரு நாளும் சடுதியாக நிறுத்தக் கூடாது என்பதால், மருந்துக் கடையில் அது தொடர்ந்து கிடைக்குமா என்பதே அங்கு முதற் கேள்வி. அடிக்கடி கண்ணில் நீர் வடிந்து தும்மும் பூனைகளுக்குப் பெரும்பாலும் பழைய ஹெர்பீஸ் வைரஸ் தொற்று இருக்கும். அது உடலைவிட்டுப் போகாது, மனஅழுத்தம் வரும்போது தலைகாட்டும். புது வீட்டுக்கு வந்த முதல் வாரமும் அப்படிப்பட்ட காலந்தான்.

கொடுப்பவரிடம் கேட்டு வாங்க வேண்டியவை

மருந்துத் துண்டு, பரிசோதனை அறிக்கைகள், தடுப்பூசி அட்டை ஆகியவற்றின் மூலப் பிரதிகளை, முடியாவிட்டால் தெளிவான படங்களை வாங்குங்கள். மருந்தின் பெயர் மட்டும் போதாது. எத்தனை மில்லிகிராம், குளிசையின் எத்தனையில் ஒரு பங்கு என்று எழுதி வாங்குங்கள். மருந்தைக் கொடுக்கும் விதத்தை உங்கள் கண்முன்னே ஒருமுறை செய்து காட்டச் சொல்லுங்கள். அது எப்படிப் பிடிக்கிறது, எப்போது உதறுகிறது என்பதை எந்த அறிக்கையும் சொல்லாது. பூனையைக் கடைசியாக நிறை பார்த்த நாளும், அன்றைய நிறையும் வேண்டும்.

சரிவராவிட்டால் பூனையைத் திருப்பி ஏற்றுக்கொள்வாரா என்பதையும் கூச்சப்படாமல் முன்பே கேளுங்கள். நல்ல மீட்பாளர் அதைக் குறையாக எடுக்கமாட்டார்.

வைத்தியரை முதலில், பூனையைப் பிறகு

பூனை வருமுன்னரே வைத்தியரைக் கண்டுபிடித்துவிடுங்கள். பெரும்பாலான பிரதேச செயலகப் பிரிவுகளில் அரச கால்நடை வைத்தியப் பணிமனைகள் உள்ளன. மாடு, ஆடு, கோழிதான் அவர்களுடைய முதன்மை வேலை. வைத்தியர் பண்ணைகளுக்குப் போகும் நாட்கள் இருக்கும். ஆகவே எந்த நாளில், எந்த நேரத்தில் இருப்பார் என்று நேரில் போய்க் கேட்டு எழுதிவையுங்கள். செல்லப்பிராணிகளைப் பார்க்கும் தனியார் வைத்தியர் அருகில் இருந்தால், இரவில் தொலைபேசியில் பேசுவாரா, இரத்தப் பரிசோதனையை எங்கே செய்விக்கிறார் என்று கேளுங்கள். சிக்கலான நோய்க்குப் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தின் போதனா வைத்தியசாலைக்கு அனுப்பப்படலாம். நாட்டில் மிருக வைத்தியம் கற்பிக்கும் ஒரே பீடம் அதுதான். மகியங்கனை வழியாகக் கண்டிக்குப் போகும் பாதை வளைவுகள் நிறைந்தது. வைத்தியர் மறுக்காவிட்டால், பயணத்துக்குச் சில மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்துங்கள். சீனி வருத்தம் உள்ள பூனைக்கு மட்டும் இதை உங்கள் எண்ணப்படி செய்யாதீர்கள்.

மருந்துகளில் சில மனிதருக்கானவைதான், மருந்துக் கடையிலேயே கிடைக்கும். அதனால் ஒரு எண்ணம் வந்துவிடுகிறது, மனித மருந்தெல்லாம் பூனைக்கும் ஆகும் என்று. பனடோல் பூனையைக் கொல்லும். காய்ச்சலுக்குப் பாதிக் குளிசை என்று கொடுத்தாலும் கொல்லும். அந்த மருந்தை முறித்து வெளியேற்றும் வழி பூனையின் ஈரலில் போதிய அளவு இல்லை. கற்பூரம் கலந்த தைலம் பூசுவதும், நாய்க்கு விற்கும் பெர்மெத்ரின் தெள்ளு மருந்தைப் பூனையில் ஊற்றுவதும் இதே வகைதான். பாட்டி சொன்னாலும் கடைக்காரர் சொன்னாலும் வேண்டாம்.

அறையும் வருகையும்

ஒரு சிறிய அறை போதும். யன்னலுக்குக் கம்பிவலை, ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி, ஒரு மூலையில் மணல் பேசின், எதிர் மூலையில் சாப்பாடு. பேசினுக்கு மணல், மர ஆலைத் தூள், நெல் உமி எதுவும் ஆகும். ஆஸ்துமா உள்ளதற்குத் தூசு பறக்காத கழுவிய மணல் நல்லது. உமி மலிவு என்றாலும் அதில் சிறுநீரின் அளவு தெரியாது. சிறுநீரக நோயும் சீனி வருத்தமும் உள்ள பூனைக்கு நான் மணலைத்தான் சொல்வேன். ஈரமான மணல் கட்டியாகும், காலையில் கரண்டியால் எடுக்கும்போது எத்தனை, எவ்வளவு பெரிது என்று கண்ணே சொல்லிவிடும்.

கொண்டுவருவதற்கு மூடியுள்ள பிளாஸ்டிக் கூடை வேண்டும். கையில் தூக்கிக்கொண்டு ஓட்டோவில் ஏறாதீர்கள். ஒரு லொறி ஒலியெழுப்பினால் பூனை பாய்ந்துவிடும், பிறகு கண்டுபிடிக்க முடியாது. கூடைக்குள் அது முன்பு படுத்த துணியைப் போட்டு, மேலே துவாயால் மூடி, வெயில் ஏறுமுன் காலையில் கொண்டுவாருங்கள்.

வந்த பூனை கட்டிலுக்கடியில் போய்ப் பதுங்கும். விடுங்கள். அறையில் தரையில் உட்கார்ந்து ஏதாவது வாசியுங்கள், கண்ணை நேராகப் பார்க்காதீர்கள். வீட்டில் வேறு பூனை இருந்தால் இரண்டு வாரமாவது தனியறை, தனிக் கிண்ணம், கை கழுவல். முதல் நாள் சாப்பிடாமல் இருப்பது சாதாரணம். இரண்டாம் நாளும் வாய் வைக்காவிட்டால் காத்திருக்க வேண்டாம். பட்டினி கிடக்கும் பூனையின் ஈரலில் கொழுப்பு படிந்து அதுவே தனி நோயாகிவிடும், பருத்த பூனைக்கு அபாயம் இன்னும் அதிகம். சீனி வருத்தம் உள்ளதானால் ஒரு வேளை தவறினாலே வைத்தியரைக் கேட்க வேண்டும்.

குளிசை கொடுக்கும் முறை

புதியவர்கள் திணறுவது இங்கேதான். பூனையை மேசையில், உங்களுக்கு முதுகு காட்டி உட்கார வையுங்கள். அதன் பின்பக்கம் உங்கள் வயிற்றில் முட்டியிருந்தால் பின்வாங்க இடமிருக்காது. நகத்துக்குப் பயமானால் துவாயால் கழுத்துவரை சுற்றுங்கள். இடது கையின் பெருவிரலும் சுட்டுவிரலும் இரு கன்ன எலும்புகளைப் பிடிக்க, தலையை மெதுவாக மேல்நோக்கித் திருப்புங்கள். கீழ்த்தாடை தானாகத் தளரும். வலக்கை நடுவிரலால் முன்பற்களை அழுத்தி வாயைத் திறந்து, குளிசையை நாக்கின் மேல், எவ்வளவு பின்னால் முடியுமோ அங்கே போட்டுவிட்டு உடனே வாயை மூடுங்கள். நாக்கு வெளியே வந்து மூக்கை நக்கினால் விழுங்கிவிட்டது என்று பொருள். நாக்கு நுனியில் வைத்தீர்களானால் நுரையோடு துப்பும், சிலவேளை உங்கள் சட்டையில்.

அதோடு முடியவில்லை. ஊசியில்லாத சிரிஞ்சில் 5 மில்லிலீற்றர் தண்ணீரைக் கன்னத்தின் ஓரமாகச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். உலர்ந்த குளிசை பூனையின் உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு புண்ணாக்கும். டொக்ஸிசைக்கிளின் போன்றவை குழாயைச் சுருக்கியே விடும். கண் நோய்க்கும் சளிக்கும் அடிக்கடி எழுதப்படும் மருந்து அது என்பதால் இதைத் தவறவிடாதீர்கள். தண்ணீருக்குப் பிறகு ஒரு வாய் மீன். மருந்துக்குப் பின் மீன் வரும் என்று தெரிந்துகொண்ட பூனை, சில வாரங்களில் தானாக மேசையடிக்கு வந்து நிற்கும்.

மீன் சோறும் தண்ணீரும்

மட்டக்களப்பில் பூனை வளர்ப்பவருக்கு மீனைச் சொல்லித்தர வேண்டியதில்லை. நோயுள்ள பூனைக்கு மட்டும் சில கட்டுப்பாடுகள். வெங்காயமும் உள்ளியும் பூனையின் சிவப்பணுக்களை அழிக்கும், ஆகவே கறியும் சொதியும் கூடாது. கருவாட்டில் உப்பு. பச்சை மீனை நெடுகக் கொடுத்தால் சில மீன்களில் உள்ள நொதி பி1 உயிர்ச்சத்தை அழித்துவிடும், அவித்துக் கொடுங்கள். அவித்த தண்ணீரைக் கொட்டாதீர்கள். பூனையின் இதயத்துக்கும் கண்ணுக்கும் தேவையான டோரின் அதில் இறங்கியிருக்கும், கூடவே பூனை குடிக்கும் நீரின் அளவும் ஏறும்.

சிறுநீரக நோயுள்ளதற்கு நெத்தலி, சூடை, கீரி போன்ற முள்ளோடு உண்ணும் சிறு மீன் ஏற்றதல்ல. முள்ளிலும் தலையிலும் பொஸ்பரஸ் அதிகம், தளர்ந்த சிறுநீரகத்துக்கு அதுவே எதிரி. முள்ளெடுத்த பாரைத் துண்டோ கோழி இறைச்சியோ பரவாயில்லை. ஆனால் சோறும் மீனும் மட்டும் நெடுங்காலத்துக்கு முழு உணவாகாது. சிறுநீரக நோய்க்கான தயாரிப்பு உணவு இங்கே எப்போதும் கடையில் இருக்காது. கொழும்பிலிருந்து வரும் யாரிடமாவது சொல்லி வைப்பதும், பொஸ்பரஸைப் பிடித்து வைக்கும் மருந்து வேண்டுமா என்று வைத்தியரிடம் கேட்பதும் நடைமுறை வழி. புது உணவுக்கு ஒரு வாரம் இரண்டு வாரமாகக் கலந்து கலந்து மாற்றுங்கள். மாற்ற மறுத்தால் பட்டினி போடாதீர்கள். பிடிக்காத மருத்துவ உணவைவிடச் சாப்பிடுகிற சாதாரண உணவு மேல்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் வீட்டுச் சுவரே சுடும். அப்போது தண்ணீர்தான் பாதி வைத்தியம். மூன்று நான்கு இடங்களில் மண் சட்டியில் தண்ணீர் வையுங்கள், சாப்பாட்டுக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வேண்டாம். கரையோரக் கிணறு உவராக இருந்தால், நீங்கள் குடிக்கும் தண்ணீரையே பூனைக்கும் வையுங்கள். படுக்கச் சீமெந்துத் தரை போதும்.

கொப்பியும் அபாயக் குறிகளும்

ஒரு பழைய கொப்பியில் தினமும் ஒரு வரி: மருந்து, சாப்பாடு, சிறுநீர், வாந்தி. வாரம் ஒருமுறை நிறை. பூனையைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, பிறகு தனியே ஏறி, கழித்தால் போதும். பழக்கடைத் தராசு கிடைத்தால் இன்னும் துல்லியம். 4 கிலோ பூனை 400 கிராம் குறைவது 60 கிலோ மனிதர் 6 கிலோ குறைவதற்குச் சமம், கண்ணுக்கோ தெரியாது. தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். 30ஐத் தாண்டிக்கொண்டே இருந்தால் வைத்தியருக்குச் சொல்லுங்கள்.

ஆண் பூனை மணலில் குந்திக் குந்தி முக்கி, சிறுநீர் வராமல் கத்தினால் அது அவசரம். அடைப்பு ஓரிரு நாளில் உயிரை எடுக்கும். வாயைத் திறந்து மூச்சு வாங்குவது, ஈறு வெளுப்பது, பின்னங்கால் திடீரென இழுபடுவது, இவையும் மறுநாள் பார்க்கலாம் என்ற வகையில் சேராது.

மாரிக்கு முன்

நவம்பர் பிறக்குமுன் குறைந்தது ஒரு மாத மருந்தைக் கையில் வையுங்கள். வெள்ளம் பாதையை மறித்தால் மருந்துக் கடையும் வைத்தியரும் தூரமாகிவிடுவார்கள். மின்வெட்டு நீண்டால் இன்சுலினைக் குளிர்நீரில் நனைத்த துணி சுற்றிய மண் பானையில், ஈரம் படாமல் போத்தலோடு மூடிவைத்துச் சமாளிக்கலாம். பனிக்கட்டியில் நேரே வைத்தால் உறைந்து பயனற்றுப் போகும். கூடை, துணி, மருந்து, கொப்பி எல்லாம் ஒரே இடத்தில் இருக்கட்டும்.

வீட்டாருக்கு

நீர்வெறுப்பு நோய்த் தடுப்பூசியைப் பூனைக்கு ஆண்டுதோறும் போட வேண்டும். நோய் உள்ள பூனைக்கு எப்போது என்பதை வைத்தியர் முடிவு செய்வார். பூனை கடித்தால் அல்லது பிறாண்டினால் ஓடும் நீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவி அரச வைத்தியசாலைக்குப் போங்கள். கர்ப்பிணி இருக்கும் வீட்டில் மணலை வேறொருவர் தினமும் அள்ள வேண்டும். பூனையின் மலத்தில் வரக்கூடிய, கருவைப் பாதிக்கும் டொக்ஸோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணியின் முட்டைகள் தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது எடுக்கும் என்பதால் அன்றன்றே அகற்றுவது பாதுகாப்பு. பிள்ளைகளின் தோலில் வட்டமாகப் படை தோன்றினால் பூனையையும் சேர்த்துக் காட்டுங்கள்.

கடைசியாக, பேச யாரும் விரும்பாத ஒன்று. நோய் முற்றும்போது எந்த அறிகுறி வந்தால் நோவில்லாமல் விடைகொடுக்க வேண்டும் என்பதைப் பூனை நன்றாக இருக்கும் நாளிலேயே வைத்தியரிடம் கேட்டு, கொப்பியின் பின்னட்டையில் எழுதிவையுங்கள். சாப்பாடு, தன்னைத் தானே நக்கிச் சுத்தம் செய்வது, உங்களிடம் வருவது ஆகிய மூன்றில் எவை நின்றுபோயின என்று பார்ப்பது பலருக்கு உதவியிருக்கிறது. அந்தப் பக்கத்தில் வைத்தியரின் இலக்கத்தோடு, நீங்கள் ஊரில் இல்லாதபோது முடிவெடுக்க வேண்டியவரின் பெயரும் இருக்க வேண்டும்.